மின்சார சைக்கிளும் அதன் சக்கரமும்

கூட்டுறவுக் கல்வி வட்டத்திற்கான இத்திங்கள் பாடமாகச் சக்கரத்தை எடுத்துக்கொள்கிறோம். பழைய சைக்கிளில் மோட்டாரும் பாட்டரியும் பூட்டி ஓட்டும் வழக்கம் நம் அங்கத்தினர்களிடையே பரவி வருகிறது. தோட்டத்திலிருந்து காய்கறிக் கூடைகளை ஏற்றி வரவும், நூல் கட்டுகளையும் நெய்த சேலைகளையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லவும் இவ்வண்டி பெரிதும் உதவுகிறது. மிதிக்கும் உழைப்பு குறைகிறது. பெட்ரோல் செலவும் இல்லை. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. ஆனால் மனிதனுடைய காலின் வலுவுக்கென்று அமைந்த சக்கரத்தில் அதைப்போல் பத்து மடங்கு வலுவுள்ள மோட்டாரைப் பூட்டும்போது, அச்சக்கரம் அதைத் தாங்குமா என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

நாம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதுண்டு. தறியும் சிறு தோட்டமும் உடைய அங்கத்தினர் ஒருவர், தமது சைக்கிளின் முன்சக்கரத்தில் 1,000 வாட் மோட்டார் பூட்டினார். அன்று உடனிருந்தவர்களில் நாமும் உண்டு. பாட்டரி எத்தனை மைல் இழுக்கும் என்று விசாரித்தோம். விலை என்ன என்றும் விசாரித்தோம். சக்கரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபது நாட்கள் சென்ற பின், இரண்டு கூடை கத்தரிக்காயுடன் அவர் தோட்டத்துப் பாதையில் வரும்போது, மேட்டில் ஏறுவதற்காக விசையைத் திருகினார். முன்சக்கரத்தின் இருசு கவையை விட்டுச் சுழன்று வெளியே வந்தது. சக்கரம் தனியே போயிற்று. அவர் முகங்குப்புற விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதங்கள் அவருடைய தறியில் பாவு அப்படியே நின்றது. கூலியையே நம்பியுள்ள குடும்பத்துக்கு அந்த மூன்று மாதங்கள் என்னவாக இருந்திருக்கும் என்பதை நெசவாளர்களாகிய அங்கத்தினர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இப்பாடத்தை எழுதத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

சட்டம் கூறுவது

முதலில் ஒரு வரம்பை அறிந்துகொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றும் பெற்ற வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அவ்வரம்பைக் கடந்தது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டதாகும். பதிவு, இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். வீட்டில் செய்த பெருஞ்சக்தி வண்டியைப் பதிவில்லாமல் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். ஆகவே இங்கே நாம் கூறுபவை சொந்த நிலத்திலும் தோட்டத்துப் பாதையிலும் ஓடும் வண்டியை மனத்திற் கொண்டவை. சட்டத்தின் வரம்புக்குட்பட்ட சிறு மோட்டார் வண்டிக்கும் இவை பயன்படும்.

எடையும் வேகமும்

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுபவர் 65 கிலோ. சைக்கிள் 20 கிலோ. மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்து 15 கிலோ. பின்னால் ஒரு மூட்டை 50 கிலோ. ஆக மொத்தம் 150 கிலோ. சுமை பின்தாங்கியில் இருப்பதால், இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 கிலோ, பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. வண்டி நிற்கும்போதுள்ள கணக்கு இது. வேகமாகப் போகும்போது குழியில் இறங்கினாலோ கல்லில் ஏறினாலோ, அந்தக் கணத்தில் சுமை பல மடங்காகப் பெருகும்.

வேகம் இரட்டித்தால் மோதலின் வலு நான்கு மடங்காகும்; மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 36 கிலோமீட்டர் வேகமானால் 5 மீட்டர் உயரம். 54 கிலோமீட்டரானால் பதினொன்றரை மீட்டர் உயரம். முதலாவது திண்ணையிலிருந்து விழுவதை ஒத்தது; கடைசியாகச் சொன்னது நன்கு வளர்ந்த தென்னையிலிருந்து விழுவதை ஒத்தது. காலால் மிதிப்பவர் பெரும்பாலும் முதற் கணக்கிலேயே இருப்பார். சைக்கிள் சக்கரம் செய்தவர்களும் அந்தக் கணக்கையே கருதிச் செய்தார்கள்.

ஆரக்காலும் ஆரக்கம்பியும்

மாட்டு வண்டிச் சக்கரத்தை நாம் அறிவோம். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இடையில் ஆரக்கால்கள். வண்டியின் பாரம் இருசு வழியாகக் குடத்தில் இறங்குகிறது. குடம் தனக்குக் கீழேயுள்ள ஆரக்காலின்மேல் நிற்கிறது. மரம் அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே அச்சக்கரம் உறுதியாக நிற்கிறது.

சைக்கிள் சக்கரம் அப்படியன்று. கடைக்காரர் போக்ஸ் கம்பி என்று சொல்லும் மெல்லிய ஆரக்கம்பியை நுனியில் அமுக்கினால் வளைந்துபோகும். இழுத்தாலோ நூறு கிலோவையும் தாங்கும். எனவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கி இழுத்து வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறும்போது தரையை ஒட்டியுள்ள சில கம்பிகளின் இழுப்புக் குறைகிறது. சக்கரம் உருளும்போது அவை மேலே சென்று மீண்டும் பழைய இழுப்பை அடைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் இவ்வாறு தளர்ந்து இறுகுகிறது. முன்பே போதிய இழுப்பு இருந்தால் தீங்கில்லை. இழுப்புப் போதாவிட்டால், கம்பி முழுவதும் தொய்ந்து பின் வெடுக்கென்று இறுகும். நாள்தோறும் பல்லாயிரம் முறை இப்படி நேரும்போது, கம்பி தன் வளைந்த கழுத்தில் களைத்து ஒடிகிறது. பாரம் மிகுந்ததனால்தான் கம்பி ஒடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தளர்ச்சியாலேயே பெரும்பாலான கம்பிகள் ஒடிகின்றன.

இதை நெசவாளருக்கு விளக்குவது எளிது. பாவில் சில இழைகள் தொய்வாகவும் சில இறுக்கமாகவும் இருந்தால் என்ன ஆகும்? இறுகிய இழைகளே எல்லா வேலையையும் சுமந்து அறுகின்றன. அறுந்ததும் அவற்றின் சுமை அண்டை இழைகளைச் சேர்கிறது. சக்கரமும் அப்படியே. எல்லாக் கம்பிகளும் ஒரே சீராக இழுக்கப்பட்டிருப்பதே அதன் பலம்.

குடத்திலிருந்து நேரே செல்லாமல் சாய்வாகச் செல்லும் கம்பி அமைப்புக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1874ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். குடத்தைத் திருகும்போது சாய்ந்த கம்பிகள் அந்த முறுக்கை வட்டைக்குக் கடத்துகின்றன. நேர்க்கம்பிகள் அவ்வாறு கடத்த இயலாது. ஆகவே மோட்டார் உள்ள சக்கரத்திலும், டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்திலும் கம்பிகளை நேராகக் கோக்கலாகாது.

குடத்தில் அமைந்த மோட்டார்

வீட்டில் செய்யும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் குடத்துக்குள்ளேயே அடங்கிய ஹப் மோட்டாரைத்தான் வாங்குகிறார்கள். அதில் இருசு சுழலக் கூடாது. குடம் சுழல வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும் அளவுக்கு, இருசைப் பின்னோக்கியும் திருகுகிறது. இருசின் இருபுறமும் தட்டையாகச் சீவி, அதைக் கவையின் பிளவில் செருகியிருப்பது இதைத் தடுப்பதற்கே.

அந்த விசை எவ்வளவு என்று பார்ப்போம். பெரிய மோட்டார் மேட்டில் ஏறும்போது 60 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள தடியின் நுனியில் ஏறத்தாழ 6 கிலோ தொங்கவிட்டதற்கு இது ஒப்பாகும். ஆனால் 14 மில்லிமீட்டர் இருசைச் சீவினால் கிடைக்கும் தட்டைப் பகுதியின் அகலம் ஒரு சென்டிமீட்டரே. ஒரு மீட்டரில் 6 கிலோ எனில், ஒரு சென்டிமீட்டரில் 600 கிலோ! இவ்வளவு விசையும் கவையின் பிளவைப் பிளந்து திறக்கவே முயல்கிறது. இரும்புக் கவை சிலகாலம் தாங்கும். வார்ப்பு அலுமினியக் கவையோ முன்னறிவிப்பின்றிப் பட்டென்று உடையும். நம் அங்கத்தினரின் வண்டியில் இருந்தது அலுமினியக் கவை.

இதற்குப் பரிகாரம், முறுக்குத் தாங்கி என்னும் எஃகுப் பட்டை. அதன் ஒரு முனையில் இருசின் தட்டைக்கு இறுக்கமாகப் பொருந்தும் துளை இருக்கும். மறுமுனை சட்டத்தோடு முடுக்கப்படும். அந்த முடுக்கு இருசிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், முன்பு 600 கிலோவாக இருந்த விசை அங்கே 60 கிலோவாகக் குறைகிறது. ஆயினும் துளை தளர்வாக இருந்தால் பயனில்லை. ஆடும் துளை நாளடைவில் இருசின் தட்டையைத் தேய்த்து உருட்டிவிடும். ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை விதியாகக் கொள்ள வேண்டுகிறோம்:

பெருஞ்சக்தி மோட்டாரை முன்சக்கரத்தில் பூட்டலாகாது. பின்சக்கரத்தில் மட்டுமே பூட்ட வேண்டும். பின்சக்கரம் கழன்றால் வண்டி இழுபட்டு நிற்கும். முன்சக்கரம் கழன்றால் ஆள் தலைகீழாக விழுவார். சட்டம் எஃகாக இருத்தல் நலம். இருபுறமும் முறுக்குத் தாங்கி வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பாட்டரிக்கு மின்சாரம் திரும்பும் அமைப்புள்ள மோட்டாரில் முறுக்கு முன்னும் பின்னும் மாறிமாறி வருவதால் நட்டுகள் எளிதில் தளரும். அவ்வண்டிக்கு இருமடங்கு கவனம் வேண்டும்.

ரிம்மும் கம்பியும் தேர்தல்

நம் ஊர்ப் பழைய பெரிய சைக்கிளின் ரிம்மில் முன்னால் 32 துளைகளும் பின்னால் 40 துளைகளும் இருக்கும். ஹப் மோட்டார்களோ பெரும்பாலும் 36 துளைகளோடு வருகின்றன. துளைக்கணக்கு ஒவ்வாமல், சில துளைகளை விட்டுவிட்டுக் கம்பி கோப்பவர்களைக் கண்டிருக்கிறோம். பாவில் இடையிடையே இழை விட்டு நெய்வதற்கு ஒப்பான வேலை அது, செய்யலாகாது. துளைக்கணக்கு ஒத்த ரிம்மையே வாங்க வேண்டும். ஒற்றைச் சுவர் ரிம்மைவிட இரட்டைச் சுவர் ரிம் பன்மடங்கு உறுதியானது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் பெட்டிபோல் இருக்கும்.

கம்பி எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மையன்று. 14ஆம் கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர். 13ஆம் கேஜ் 2.3 மில்லிமீட்டர், 12ஆம் கேஜ் 2.6 மில்லிமீட்டர். தடித்த 12ஆம் கேஜ் கம்பியைச் சாதாரண சைக்கிள் ரிம்மில் கோத்தால், கம்பிக்குப் போதிய இழுப்புக் கொடுக்கும் முன்பே ரிம் நெளிந்துவிடும். நெளிவுக்கு அஞ்சித் தளர்வாக விட்டால், முன்னே சொன்ன தளர்ச்சி நோய் வந்து சேரும். நிப்பிளுக்காக ரிம் துளையைப் பெரிதாக்கினால் அங்கே வெடிப்பு உண்டாகும். எனவே இரட்டைச் சுவர் சைக்கிள் ரிம்முக்கு 13ஆம் கேஜ் அல்லது 14ஆம் கேஜ் கம்பி ஏற்றது. 12ஆம் கேஜ் கம்பி, மோட்டார் சைக்கிள் ரிம் போன்ற தடித்த ரிம்முக்கே பொருந்தும். மோட்டாரின் துளை பெரிதாகவும் கம்பியின் தலை சிறிதாகவும் இருந்தால், தலைக்கடியில் பித்தளை வாஷர் இட வேண்டும்.

சாதாரணச் சக்கரத்தில் ஒரு கம்பி மற்றக் கம்பிகளை மூன்று முறை குறுக்கிட்டுச் செல்லும். ஹப் மோட்டாரின் குடம் பெரிதாகையால், அதே முறையில் கோத்தால் கம்பி ரிம்மில் மிகச் சாய்ந்து நுழைந்து நிப்பிளருகே வளைகிறது, அவ்விடத்திலேயே ஒடியும். ஆகவே பெரிய குடத்துக்கு ஒரே குறுக்கீடு போதுமானது.

கம்பியில்லாத வார்ப்புச் சக்கரங்களும் கிடைக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கென்றே சோதித்துச் செய்தவை நல்லவை. சைக்கிளுக்கென மலிவாக விற்கும் வார்ப்புச் சக்கரத்தைப் பெருஞ்சக்தி மோட்டாருக்கு நம்பலாகாது. கம்பிச் சக்கரத்தில் ஒரு கம்பி ஒடிந்தால் சக்கரம் கோட்டம் கண்டு நமக்கு அறிவிக்கும். வார்ப்பில் விழும் கீற்று அறிவிக்காது.

அளவும் டயரும்

சைக்கிள் சக்கரத்துக்குச் சொல்லும் அங்குலம் டயரின் வெளிச்சுற்றைக் குறித்தது. மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லும் அங்குலமோ ரிம்மைக் குறித்தது. ஆகவே 2.50-16 என்ற மொபெட் டயர், 20 அங்குல சைக்கிள் டயரைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறுவோர் பலர். சைக்கிள் டயரிலும் 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 559, 584, 590 மில்லிமீட்டர் என வெவ்வேறு ரிம் அளவுகள் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றில் பொருந்தாது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணையே நம்ப வேண்டும். நம் பழைய 28 அங்குலப் பெரிய சைக்கிளுக்கு அந்த எண் 635.

பெருஞ்சக்தி வண்டிக்குச் சிறிய சக்கரமே ஏற்றது என்பது நமது கருத்து. கம்பி குட்டையாக இருப்பதால் சக்கரம் பக்கவாட்டில் உறுதியாக நிற்கும். ஒரே முறுக்கு, சிறிய சக்கரத்தில் தரையை அதிகமாகத் தள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 320 முறை சுழல்கிறது. 20 அங்குலச் சக்கரம் சுமார் 420 முறை சுழல்கிறது. இவ்வாறு விரைந்து சுழலும் மோட்டார் மேட்டில் திணறிச் சூடாவதில்லை. குறையும் ஒன்றுண்டு. சிறிய சக்கரம் குழியில் ஆழ இறங்கும். அதைத் தடித்த டயர் ஓரளவு ஈடு செய்யும்.

மோட்டார் சைக்கிள் டயரில் சுமையும் வேகமும் குறியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 41 என்ற எண் 145 கிலோவையும், எல் என்ற ஆங்கில எழுத்து மணிக்கு 120 கிலோமீட்டரையும் குறிக்கும். சாதாரண சைக்கிள் டயரில் காற்றழுத்தம் மட்டும் இருக்கும், வேகக்குறி இராது. ஏனெனில் அது அவ்வேகத்துக்கென்று சோதிக்கப்பட்டதன்று. 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சுமையோடு ஓடும் வண்டிக்கு மொபெட் ரிம்மும் மொபெட் டயரும் போடுவதே உத்தமம். டயரையும் ரிம்மையும் ஒரே இனமாகப் போட வேண்டும். சைக்கிள் டயரை மோட்டார் சைக்கிள் ரிம்மில் ஏற்றலாகாது, அவற்றின் விளிம்பு அமைப்பு வேறு. வாங்குமுன் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதும் அவசியம்.

பிரேக்கும் சக்கரத்தைச் சேர்ந்ததே. பழைய சைக்கிளின் கம்பி பிரேக் இரும்பு ரிம்மை உரசுவது. மழையில் நனைந்தால் அது பிடிக்கவே பிடிக்காது. அலுமினிய ரிம்மில் உரசும் பிரேக் நாளடைவில் ரிம்மின் சுவரைத் தேய்க்கிறது. தேய்ந்த சுவர் ஒருநாள் டயரின் காற்றழுத்தத்தால் பிளக்கும். ஆகவே வேக வண்டிக்கு முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கோ டிரம் பிரேக்கோ வேண்டும்.

வாரம் ஒரு முறை

புதிதாகக் கோத்த சக்கரத்தில் கம்பிகள் தம் இடத்தில் அமரும்போது சற்றுத் தளரும். முதல் நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் இழுத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். அதன்பின் வாரம் ஒரு முறை கீழ்க்கண்டவாறு பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

முதலாவது, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி ஆட்டத்தைப் பார்க்க. இரண்டாவது, ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி ஓசையைக் கேட்க. ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே ஓசை தர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பாவின் இறுக்கத்தை விரலால் அறியும் நெசவாளருக்கு இது புதிதன்று. மூன்றாவது, ரிம்மில் நிப்பிள் துளைகளைச் சுற்றி மயிர்க்கீற்று உண்டா என்று பார்க்க. நான்காவது, இருசு நட்டுகளை ஸ்பானரால் சோதித்து, முறுக்குத் தாங்கி அசைகிறதா என்று ஆட்டிப் பார்க்க. ஐந்தாவது, டயரின் காற்றையும் பக்கச் சுவரின் வெடிப்பையும் கவனிக்க. ஒரு கம்பி ஒடிந்திருந்தாலும், மாற்றிய பிறகே வண்டியில் சுமை ஏற்ற வேண்டும்.

கூட்டாகச் செய்யத்தக்கது

ஒருவர் தனித்து வாங்கும்போது விலை குறைந்ததையே தேடுவது இயல்பு. பத்துப் பேர் சேர்ந்தால் நல்ல ரிம்மும் கம்பியும் மொத்த விலையில் கிடைக்கும். கோட்டம் எடுக்கும் நிலையும், கம்பியின் இழுப்பை அளக்கும் கருவியும் ஒருவருக்குச் செலவு. சங்கத்துக்கு அவை சிறு முதலீடு. சக்கரம் கோப்பதில் கைதேர்ந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவரை அழைத்து, இளைஞர் இருவருக்குப் பயிற்சி அளிக்கச் செய்யலாம். மோட்டார் பூட்டிய ஒவ்வொரு வண்டியையும் மூன்று திங்களுக்கு ஒரு முறை சங்கக் கட்டடத்து முற்றத்தில் சோதிக்கும் ஏற்பாட்டை அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஆலோசிக்க வேண்டுகிறோம்.

மணிக்கட்டு முறிந்த அங்கத்தினர் இப்போது மீண்டும் தறியில் அமர்ந்திருக்கிறார். நெடுநேரம் நெய்தால் கை வலிக்கிறது என்கிறார். வண்டியை அவர் விற்றுவிடவில்லை. இரும்புச் சட்டம், பின்சக்கர மோட்டார், மொபெட் ரிம், இரண்டு முறுக்குத் தாங்கிகள் என்று புதிதாக அமைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் காலையில் அதன் கம்பிகளைச் சுண்டிப் பார்க்கிறார். நாமும் சில நாட்களில் அருகிருந்து கேட்கிறோம்.

கல்வி வட்டத்துக்கான கேள்விகள்

1. மாட்டு வண்டியின் ஆரக்காலும் சைக்கிளின் ஆரக்கம்பியும் பாரத்தைத் தாங்கும் விதத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. உங்கள் வண்டி, நீங்கள், வழக்கமாக ஏற்றும் சுமை ஆகியவற்றின் மொத்த எடை என்ன? அதில் பின்சக்கரத்தின்மேல் விழுவது எவ்வளவு?

3. 40 நியூட்டன் மீட்டர் முறுக்குள்ள மோட்டார், ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள இருசுத் தட்டையில் செலுத்தும் விசை ஏறத்தாழ எத்தனை கிலோ?

4. தடித்த கம்பி எல்லா ரிம்முக்கும் ஏற்றதன்று என்பதற்குக் காரணம் யாது?

5. நம் ஊரில் மோட்டார் பூட்டிய சைக்கிள்கள் எத்தனை? அவற்றுள் முறுக்குத் தாங்கி உள்ளவை எத்தனை? கணக்கெடுத்து அடுத்த கூட்டத்தில் கூறுக.